இருவாச்சிக் கட்சியா, மயில் கட்சியா?

ஒருவனுக்கு ஒருத்திதான் இயற்கை என்கிறது ஒரு தரப்பு. அதெல்லாம் ஊர் போட்ட வேலி, மனித உடம்பு அப்படிப் படைக்கப்படவில்லை என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் சாட்சி திருநெல்வேலிச் சீமையிலேயே இருக்கிறது.

களக்காடு முண்டந்துறைக் காட்டில் இருவாச்சிப் பறவை. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்துகொண்டு, தன் எச்சத்தாலேயே வாசலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். அப்புறம் மாதக்கணக்கில் ஆண் கொண்டுவந்து ஊட்டும் அத்திப்பழமும் மற்ற இரையும்தான் சாப்பாடு. ஆண் வராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதி. மலையிறங்கி வயலுக்கு வந்தால் மயில். தோகை விரித்து ஆடி, பல பெட்டைகளோடு சேர்ந்துவிட்டு ஆண் தன் பாட்டுக்குப் போய்விடும். அடைகாப்பது, வளர்ப்பது எல்லாம் பெட்டை தலையில். மயில் குஞ்சு பொரித்த கொஞ்ச நாளிலேயே தானாகக் கொத்தித் தின்னும், ஒரு ஆள் போதும். இருவாச்சிக் குஞ்சுக்கு அது கட்டாது.

மனிதக் குழந்தையோ வருடக்கணக்கில் யாராவது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டிய ஜீவன். இருவாச்சிக் கட்சியின் துருப்புச்சீட்டு இதுதான். அமெரிக்கப் புல்வெளி எலி ஜோடி பிரியாமல் வாழ்வதற்கு ஆக்சிடோசின்தான் காரணம் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் 2023-ல், அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியே உடம்பில் இல்லாதபடி எலிகளின் மரபணுவை மாற்றிப் பார்த்தார்கள். எலிகள் அப்போதும் ஜோடி சேர்ந்தன. ‘காதல் ஹார்மோன்’ என்று யாராவது அளந்தால் பாதி தள்ளுபடி செய்து கேளுங்கள்.

மறு கட்சிக்கு உடம்பே சாட்சி. ஜோடியாக வாழும் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே பருமன். பல பெண்களை வைத்திருக்கும் கொரில்லா ஆண், பெண்ணைப்போல் இரண்டு மடங்கு எடை. மனிதன் நடுவில், கிப்பன் பக்கம் சாய்ந்து நிற்கிறான். ஆக, உடம்பு அரைகுறையாகத்தான் சாட்சி சொல்கிறது. ஊருக்கு ஊர் நடப்பும் மாறுகிறது. ஐரோப்பாவில் கணவருக்குப் பிறக்காத குழந்தைகள் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் 2020-ல் வெளியான ஆய்வில் அது 48 சதவீதம், அதுவும் ஊரறிய.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும்: மயிலைக் காட்டி பாலியாமரிக்கு வக்காலத்து வாங்குவது செல்லாது. எல்லோருக்கும் தெரிந்து, எல்லோர் சம்மதத்தோடும் பலரிடம் பாசம் வைப்பது அது. மயிலுக்கு ஒருத்தியிடம்கூடப் பாசம் கிடையாது. நம்மூர் ‘சின்ன வீடு’ம் இதில் சேராது, அங்கே சம்மதம் யாரிடம் கேட்டார்கள்?

பாலியாமரிக்காரர்களுக்கு உருப்படியான சாட்சி தென் அமெரிக்காவின் பாரி மக்கள். ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தகப்பன் இருக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி இரண்டாவது தகப்பன் வாய்த்த குழந்தைகளில் 80 சதவீதம் 15 வயதைத் தொட்டன. மற்றவற்றில் 64 சதவீதம். மீன், கறி கொண்டுவர இன்னொரு ஆள் இருந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சரி, அந்தக் கூடுதல் ஆள் புருஷனாகத்தான் இருக்க வேண்டுமா? பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகிற ஒரு தாய்க்கு அந்த ஆள் பெரும்பாலும் ஆச்சி. இல்லையென்றால் சித்தி, தாய்மாமன். அதனால் என் ஓட்டு இருவாச்சிக்கே, ஆச்சி கூட இருக்கும்வரை.