ஹகோனேயா, குசாத்சுவா? விளாவாத வெந்நீருக்கு என் ஓட்டு

டோக்கியோவிலிருந்து மலைப்பக்கம் போய் வெந்நீர் ஊற்று விடுதியில் ஓர் இரவு தங்க வேண்டும் என்றால், யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஹகோனேதான். நாங்களும் முதலில் அங்கேதான் போனோம். அடுத்த அக்டோபரில் குசாத்சு. இன்னொரு முறை வாய்த்தால் யோசிக்காமல் குசாத்சுவுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

போக்குவரத்தில் ஹகோனே சுலபமாக ஜெயித்துவிடும். டோக்கியோவின் ஷிஞ்ஜுக்கு நிலையத்தில் ரோமான்ஸ்கார் விரைவு ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே யுமோட்டோ. குசாத்சு, குன்மா மாகாணத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் ரயில் கிடையாது. டோக்கியோவின் உஎனோ நிலையத்திலிருந்து இரண்டே கால் மணிக்கு மேல் ரயில், அப்புறம் அரை மணி பஸ். சுற்றிப் பார்க்கவும் ஹகோனேதான்: ஆஷி ஏரி, முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி ஏறும் மலை ரயில், ஓவகுதானி எரிமலைப் பள்ளத்தாக்கின் கருப்பு ஓட்டு முட்டை, மேகம் விலகினால் ஃபூஜி.

விடுதிப் பழக்கம் இரண்டு ஊரிலும் ஒன்றே. ஆண், பெண் தனித்தனி. உள்ளே துணி கூடாது. உட்கார்ந்து தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். கூச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். யுகாதா என்ற பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. சைவர்களுக்கு இரண்டு ஊரும் ஒரே திண்டாட்டம்: காய்கறி மட்டும் போட்டது என்று நம்பும் சாறுகூட, நம் மாசிக் கருவாட்டுக்கு உறவான சூரைச் சீவலில் இறக்கியதாக இருக்கும். அறை பதியும்போதே சொல்லிவிடுங்கள்.

மிச்சம் தண்ணீர். எனக்கு முடிவைச் சொன்னது அதுதான்.

ஜப்பானின் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் 25 டிகிரி இருந்தாலோ, பட்டியலில் உள்ள தாதுக்களில் ஒன்று போதிய அளவு இருந்தாலோ அது ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. பிறகு அதைச் சுடவைக்கலாம், பச்சைத் தண்ணீர் விளாவலாம், வடிகட்டிக் குளோரின் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். 2004இல் நாகனோவின் ஷிரஹோனே ஊற்றில், நீர் பால்போலத் தெரிய வேண்டுமென்று குளியல் பொடி கலந்தது அம்பலமானது. 2005 முதல் இந்தச் சேர்மானங்களை எழுதி ஒட்டியே ஆகவேண்டும். உடை மாற்றும் அறைச் சுவரில் அந்தத் தாள் இருக்கும். செல்போனை நீட்டினால் மொழிபெயர்த்துவிடும்.

ஹகோனேயில் நாங்கள் தங்கிய இடத்துத் தாளில் சுழற்சி, குளோரின் இரண்டும் இருந்தன. ஏமாற்று ஒன்றும் இல்லை. அங்கே துளையிட்டு இறைக்கும் ஊற்றுகள் நிறைய. ஓவகுதானி நீராவியோடு நிலத்தடி நீரைச் சேர்த்து உண்டாக்கும் வெந்நீரும் குழாய்வழி விடுதிகளுக்குப் போகிறது. ஆனால் மூக்குக்கு நீச்சல் குளம்தான் நினைவுக்கு வந்தது. ஊற்றுநீர் அப்படியே வந்து வழிந்து போகும் விடுதிகள் ஹகோனேயிலும் உண்டு. நான் தங்கியது ஒன்றே ஒன்று என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குசாத்சுவில் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்குகிறது. இயற்கையாகப் பொங்கும் அளவில் ஜப்பானிலேயே முதலிடம். இவ்வளவு இருக்கும்போது பழைய நீரை எதற்குச் சுற்றவிடுவது? ஊர் நடுவே யுபதாக்கே என்ற இடத்தில் மரக்கால்வாய்கள் வழியே ஓடி ஆறுகிறது. அப்படியும் சூடு அடங்காவிட்டால்? விளாவினால் நீரின் சத்து நீர்த்துவிடும் என்று, ஆளுயரப் பலகைகளால் துழாவி ஆற்றுவது இங்கே பழைய வழக்கம், யுமோமி என்பார்கள். காப்பியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் டபராவில் ஆற்றுகிறோமே, அதே நியாயம். இப்போது அதைப் பாட்டோடு காட்சியாகவும் நடத்துகிறார்கள்.

நீரின் பிஹெச் 2 பக்கம், ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. இந்த அமிலம் கீழே ஆற்றைக் கெடுக்காமலிருக்க 1964 முதல் சுண்ணாம்பு கலந்து விடுகிறார்கள். யுபதாக்கே பக்கத்திலேயே ஷிரஹதா நோ யு என்ற பொதுக் குளியலறை, கட்டணம் இல்லை. காலையில் சவரம் செய்த இடமெல்லாம் சுரீரென்றது. மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. நேரம் குறித்துக் குளிக்கும் அந்தக் காலத்து ஜிகான்யு முறையிலும் ஒரு முழுக்குக்கு மூன்றே நிமிடம்தானாம், மனசு ஆறியது. வெளியே வந்து அரை மணி நேரம் ஸ்வெட்டர் தேவைப்படவில்லை.

நோய் தீருமா என்று கேட்காதீர்கள். இரண்டு நாளில் எனக்குத் தீர்ந்தது தோள் இறுக்கம் மட்டும். தோல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. சின்னக் குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் நானும் ஹகோனேயைத்தான் சொல்வேன்.

குசாத்சு போகிறவர்கள் வெள்ளி நகைகளை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தகம் சும்மா விடாது. என் மனைவியின் மெட்டி முதல் முழுக்கிலேயே கருத்துவிட்டது. ஊருக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்தும் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கருப்பு இருக்கிறது.