நேர் பட்டையா, மடித்த பட்டையா?

கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான முடுக்கமானிக்குள் (அசைவை உணரும் சில்லு) ஒரு குட்டி எடையும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ஸ்பிரிங் என்றால் சுருள் கம்பி அல்ல. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள சிலிக்கான் பட்டை. அதை நேராகவும் வைக்கலாம், மடித்தும் வைக்கலாம்.

இரு முனையும் இறுகப் பிடித்த நேர் பட்டைக்கு இடம் கொஞ்சம் போதும். ஆனால் எடை நகரும்போது பட்டை வளைவதோடு நீளவும் வேண்டும். நகர்வு பட்டையின் அகலத்தை நெருங்கினால் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, கிடுகிடுவென ஏறும். தயாரிப்பில் தங்கிய தகைவும் (உள்ளே தேங்கிய இழுப்பு, அழுத்தம்) வெப்ப விரிவும் வெளியேற வழியில்லை. அமுக்கம் மிஞ்சினால் பட்டை நெளிந்தே போகும்.

மடித்த பட்டை கொண்டை ஊசி மாதிரி போய்த் திரும்பும். முனை நகர இடமிருப்பதால் தகைவு தளர்ந்துவிடும். 1989-இல் பெர்க்லியில் வில்லியம் டாங் குழுவினர் சீப்பு வடிவ ஒத்ததிர்விகளில் (குறிப்பிட்ட வேகத்தில் அதிரும் நுண்ணமைப்புகள்) இதைத்தான் பயன்படுத்தினார்கள். இடம் அதிகம் பிடிக்கும், மடிப்புகளை இணைக்கும் சட்டத்தின் எடையால் வேண்டாத அதிர்வுகளும் வரும். சரி, கைரோஸ்கோப் (சுழற்சியை உணரும் கருவி) மாதிரி பல மைக்ரான் ஆட வேண்டியதற்கு நான் இதையே எடுப்பேன். நகர்வு மிகச் சிறியதென்றால் நேர் பட்டையே போதும்.

அப்புறம், இரண்டுக்கும் பொதுவான தலைவலி ஒன்று: விறைப்பு அகலத்தின் மும்மடியை (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. சிலிக்கானை அரித்துப் பட்டையாக்கும்போது 2 மைக்ரான் பட்டை 1.8 ஆகிவிட்டால், விறைப்பில் 27 சதவீதம் காணாமல் போகும்.