டெக்சரைசர் போட்டு 13,500 ரூபாயும் முடியும் போன கதை

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை இலங்கையின் ஹட்டனில், மாடியில் இருக்கும் ஒரு லேடீஸ் சலூனில் 13,500 ரூபாய் கட்டி என் முடியைக் கெடுத்துக்கொண்டு வந்தேன்.

என் முடி சாதாரணச் சுருட்டை இல்லை. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி. சலூன்கார அக்கா ஒரு சுருளை இழுத்துவிட்டு, அது திரும்ப ஓடிப் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரித்தார். "எவ்வளவு அழகான முடி தங்கச்சி, இதப் போயி நேராக்குவாங்களா? டெக்சரைசர் போடுவோம். சுருள் போகாது, கொஞ்சம் லூசாகும்." இருபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருவர் என் முடியை அழகு என்கிறார். அங்கேதான் விழுந்தேன். பிளேன்டி (பால் இல்லாத தேநீர்) வேறு கொடுத்தார். காசை முதலே பேங்கில் போடச் சொன்னார், போட்டேன்.

நுனி மட்டும் நேராகத் தொங்குவதைக் கண்ணால் பார்த்தும் அவர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காக ரீபாண்டிங் (மருந்து போட்டு முடியை நேராக்குவது) செய்த மிச்சம் அது. ரீபாண்டிங் மருந்து தயோ என்ற ரசாயன வகை. இவர் போட்டது ஹைட்ரொக்சைட் ரிலாக்சர், அதுவும் சுருளைத் தளர்த்தும் மருந்துதான், ஆனால் வேறு வகை. டெக்சரைசர் என்பதே அதைக் குறைந்த நேரம் வைத்துக் கழுவுவதுதானாம். இந்த இரண்டு வகையும் ஒரே முடியில் பட்டால் முடி முறியும். எல்லாம் போன பிறகு ராத்திரி முழுக்கத் தேடிப் படித்தேன்.

பத்து நிமிடம் என்றவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். எரிகிறது என்று அங்கே வேலை செய்யும் பிள்ளையிடம் சொன்னேன். "எரிஞ்சாதான் அக்கா புடிக்கும்." அவர் வர அரை மணித்தியாலம் ஆனது. கழுவும்போது முடி சூயிங்கம் மாதிரி இழுபட்டு அறுந்தது. ஒரு பக்கம் இடியாப்பம், உச்சியில் பழைய ஸ்பிரிங், பேசினில் அடைப்பு.

ஞாயிறு போன் எடுத்தேன்: "ஒங்க வீட்டுத் தண்ணி சரியில்ல." திங்கள்: "எண்ணெய் வச்சீங்களா?" ஆமாம் என்றேன். "அதான்." இல்லை என்றிருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பார். செவ்வாய்: "கெரட்டின் போட்டா சரியாகும், 8,000தான்." நேற்று அந்தப் பிள்ளை எடுத்து, அக்கா கொழும்புக்குப் போய்விட்டாராம். பின்னால் அக்காவின் குரல் கேட்கிறது!

13,500 ரூபாய். 2025இல் அம்மா வாங்கிய நாட்சம்பளம் 1,350 கணக்கில் பத்து நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை, அட்டைக்கடியோடு. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, உதிர்ந்த முடியைக் கூட்டி அள்ளினார்.

விபரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முன்பு எது போட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலில் ஒரு சின்னக் கொத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்தால் எழுந்து போய் நீங்களே கழுவுங்கள். பில் வாங்குங்கள். என்னிடம் பேங்க் சிலிப் மட்டும்தான், நாளைக்கு 1977 என்ற நம்பருக்கு போன் அடித்து நுகர்வோர் அதிகார சபையிடம் கேட்கப்போகிறேன். நேரானது திரும்பச் சுருளாதாம், வெட்டிவிட்டு முளைக்க விட வேண்டுமாம், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.

சரி, அம்மா கத்தரிக்கோலோடு நிற்கிறார்.