பேட்சுக்கு எந்த டேக்? கெர்னல், டெபியன், கன்வென்ஷனல் கமிட்ஸ்

பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) எழுதி முடித்த பிறகு, அதில் என்னென்ன டேக் (குறிப்பு வரி) போடுவது என்பது தனிப் பஞ்சாயத்து. அதிகம் புழங்கும் மூன்று முறைகளும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. அது தெரியாமல் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவதால்தான் பாதிக் குழப்பம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் கேள்வி, ‘இதற்கு யார் பொறுப்பு?’ 2003-ல் எஸ்சிஓ நிறுவனம், லினக்ஸில் தங்கள் யூனிக்ஸ் இயங்குதளத்தின் சரக்கு இருக்கிறது என்று ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. எந்த வரி யார் கை வழியாக வந்தது என்று காட்ட 2004-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கொண்டுவந்ததுதான் ‘சைன்ட்-ஆஃப்-பை’. பேட்ச் கைமாறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தன் வரியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்பதற்கான கையெழுத்து இது. கோட் நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்று அல்ல. அதற்கு ‘ரிவ்யூட்-பை’ இருக்கிறது. ‘ஆக்ட்-பை’ அதைவிட லேசானது: பார்த்தேன், ஏற்கிறேன், அவ்வளவுதான். முழுதாகச் சோதித்துப் பார்த்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. புதிதாக வருபவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வாடிக்கை.

என்னைக் கேட்டால், கெர்னல் டேக்குகளில் தங்கம் ‘ஃபிக்ஸஸ்’தான். எந்தக் கமிட் (பதிவான மாற்றம்) பிழையைக் கொண்டுவந்ததோ, அதன் ஹேஷில் (அடையாளக் குறியீட்டில்) முதல் 12 எழுத்து, பக்கத்தில் அடைப்புக்குள் அந்தக் கமிட்டின் தலைப்பு. வரி எவ்வளவு நீண்டாலும் மடிக்கக் கூடாது. 75 எழுத்துக்குள் மடிக்கும் விதி டேக்குகளுக்குப் பொருந்தாது. பழைய கெர்னலைப் பராமரிப்பவர் இந்த ஒரு வரியைப் பார்த்தே, பிழை தன் பதிப்பில் இருக்கிறதா என்று முடிவு செய்துவிடலாம். ஒன்று கவனம்: ஸ்டேபிள் கிளைக்கு (ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்கான திருத்தக் கிளை) போக வேண்டிய பேட்ச் என்றால் ஸ்டேபிள் குழுவுக்கான ‘சிசி’ (நகல்) வரியையும் போட வேண்டும். ‘ஃபிக்ஸஸ்’ அதற்கு ஈடாகாது.

லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியனின் டெப்-3 (பேட்ச் குறிப்புகளுக்கான வழிமுறை) கேட்பது வேறு: ‘இது எங்கிருந்து வந்தது, மூலத் திட்டத்துக்குச் சொல்லியாயிற்றா?’ அங்கே பேட்ச் என்பது அடுத்தவர் மென்பொருள்மேல் நாம் சுமக்கும் பாரம். அதனால் ‘ஆரிஜின்’ என்ற டேக். அதில் அப்ஸ்ட்ரீமா (மூலத் திட்டத்திலிருந்து எடுத்தது), பேக்போர்ட்டா (புதிய பதிப்பின் திருத்தத்தைப் பழையதற்கு ஏற்றது), விநியோகிப்பவர் தாமே எழுதியதா என்று குறிக்கலாம். ‘ஃபார்வர்டட்’ என்பதில் மூலத் திட்டத்துக்கு அனுப்பிய சுட்டி, அல்லது ‘இல்லை’, அல்லது ‘தேவையில்லை’. உள்ளூரில் மட்டும் கிடக்கும் திருத்தம் என்ன செய்யும் என்பதற்கு குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கதை போதும். 2006-ல் டெபியனில் மட்டும் செய்த ஒரு மாற்றம் சாவி உருவாக்கத்தில் இருந்த தற்செயல்தன்மையைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. மிஞ்சியது புராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்) மட்டுமே. 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. டேக் போட்டிருந்தால் தப்பித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘அனுப்பினாயா?’ என்று ஒவ்வொரு பேட்சும் கேட்பது நல்ல பழக்கம். டெப்-3-ன் இன்னொரு வசதி: கிட் (கோட் மாற்றங்களைப் பதியும் கருவி) வடிவில் எடுத்த பேட்சின் ‘ஃப்ரம்’, ‘சப்ஜெக்ட்’ வரிகளையே ஏற்றுக்கொள்ளும்.

கன்வென்ஷனல் கமிட்ஸ் என்பது கமிட் தலைப்பு எழுதும் முறை, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலைச் செயலிகள் எழுத உதவும் ஆங்குலர் திட்டத்தின் பழக்கத்திலிருந்து வளர்ந்தது. தலைப்பில் ‘ஃபிக்ஸ்’ என்றால் பதிப்பு எண்ணின் கடைசி இலக்கம் ஏறும், ‘ஃபீட்’ (புதிய வசதி) என்றால் நடு இலக்கம், பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் இலக்கம். வெளியீட்டையும் மாற்றப் பட்டியலையும் கருவியிடம் விட்டுவிடும் சிறு லைப்ரரிகளுக்குக் கச்சிதம். ஆனால் ‘ஃபிக்ஸ்’ என்ற அந்தச் சொல் எந்தக் கமிட்டின் பிழை, யார் சரிபார்த்தது, எதையும் சொல்வதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இதுவே கெர்னலின் ‘ஃபிக்ஸஸ்’ வேலையைச் செய்யும் என்று நினைக்க வேண்டாம்.

பல பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிக்கிறீர்கள் என்றால் கெர்னல் வழி. அடுத்தவர் மென்பொருளைப் பொதி கட்டுகிறீர்கள் என்றால் டெப்-3. புதிதாகத் தொடங்கும் சிறு திட்டத்துக்குத் தலைப்பில் கன்வென்ஷனல் கமிட்ஸ், அடியில் ‘ஃபிக்ஸஸ்’ வரி என இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம், ஒன்றோடொன்று முட்டாது.