ரெய்கி முதல் நிலை வகுப்பு: போய்ப் பார்த்ததில் தெரிந்தது

போன மாதம் கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ரெய்கி (உடம்பில் கை வைத்துச் சக்தி கொடுப்பதாகச் சொல்லும் ஜப்பானிய முறை) முதல் நிலை வகுப்பை முடித்தேன். கட்டணம் 2,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. சென்டர் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை, காரணம் கீழே இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகியும் ராத்திரி தூக்கமில்லை, அவர் புரண்டு படுக்கும் சத்தத்தில் எனக்கும் இல்லை, மருந்து மாத்திரை தவிர வீட்டில் நாமாகச் செய்ய ஏதாவது இருக்குமா என்று தேடியபோது கிடைத்தது இது.

முதலில் வகுப்பு. பதினான்கு பேர், ஹாலில் பாய் விரித்து இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் படுக்க, இன்னொருவர் கை வைக்க வேண்டும். கண், காதோரம், பின்தலை, தொண்டை, நெஞ்சு, வயிறு, முட்டி, பாதம் என்று ஓர் இடத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, சும்மா வைத்திருந்தால் போதும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு வயதான ஐயா. கை கழுவிவிட்டு வந்ததால் உள்ளங்கை சில்லென்று இருந்தது, கழற்ற முடியாத மோதிரம் ஒன்று என் புருவத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடத்தில் அந்தச் சில்லிப்பு போய் வெதுவெதுப்பாகி, அப்புறம் நல்ல சூடாகவே ஆனது. ஃபேனை நிறுத்தியிருந்தார்கள், அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வயிற்றுக்கு வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். பல வாரமாகப் பகலில் கூடக் கண் அசராத எனக்கு இது பெரிய விஷயம், அதை மறைக்க மாட்டேன்.

'தீட்சை' என்று ஒரு சடங்கும் உண்டு. கண்ணை மூடிக் கும்பிட்டபடி உட்கார வேண்டும், ஆசிரியர் பின்னால் வந்து தலையிலும் கையிலும் ஏதோ செய்வார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த அக்கா அழுதுவிட்டார்.

வரலாறு சொன்ன பகுதிதான் சுமார். 'டாக்டர் உசுய்' என்றே கடைசி வரை சொன்னார்கள். ரெய்கியைத் தொடங்கிய மிக்காவோ உசுய் மருத்துவர் இல்லை. 1922இல் கியோட்டோ பக்கம் குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்து தியானம் செய்தவர், அதே வருடம் டோக்கியோவில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவர், 1926இல் இறந்துவிட்டார். அவருடைய மாணவர் ஹயாஷி, கடற்படை அதிகாரி. ஹயாஷியிடம் 1935இல் உடம்பு சரியில்லாமல் வந்து சேர்ந்து, பிறகு இதையே கற்றுக்கொண்டு ஹவாய்க்குக் கொண்டுபோனவர் ஹவாயோ டகாட்டா என்ற பெண்மணி. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ரெய்கியில் பெரும்பகுதி அவர் வழியாக வந்ததுதான். ரெய்கி ஆசிரியராக்கும் மாஸ்டர் பயிற்சிக்கு அவர் வாங்கியது 10,000 டாலர், அந்தக் காலத்தில்! நம் வகுப்பில் பாதி நேரம் ஓடிய ஏழு சக்கரப் பாடம் ஜப்பானில் இருந்து வந்ததில்லை, பின்னால் சேர்த்தது. உசுய் சொன்ன ஐந்து வரிகளுக்கோ பத்து நிமிடம்தான்: இன்று மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, வேலையை ஒழுங்காகச் செய், எல்லோரிடமும் அன்பாக இரு. எனக்கு அன்று மிகவும் பிடித்தது இந்த 'இன்று மட்டும்'தான்.

சரி, கையில் இருந்து சக்தி பாய்கிறதா? நான் நம்பவில்லை. 1998இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எமிலி ரோசா என்ற சிறுமி செய்த சோதனை வெளிவந்தது. ரெய்கி இல்லை, அதே போல உடம்புக்கு மேலே கையை வைத்துச் சக்தியை உணர்வதாகச் சொல்லும் 'தெரபியூட்டிக் டச்' என்ற முறை. நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு, அதற்குள் அந்த முறையைச் செய்பவர் இரு கையையும் நீட்ட வேண்டும், எந்தக் கைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று சிறுமி கேட்பாள். 21 பேர், 280 முறை, சரியாகச் சொன்னது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வரும். ரெய்கி ஒரு நோயைக் குணப்படுத்தும் என்பதற்கும் இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை.

இதனால்தான் அன்று மாலை நடந்தது எனக்குத் தாங்கவில்லை. ஐயா எழுந்து, "சுகர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாமா?" என்று கேட்டார். உதவிக்கு இருந்தவர், "21 நாள் விடாம பண்ணுங்க, அப்புறம் உங்களுக்கே தெரியும், குறைச்சுக்கலாம்" என்றார். ஆசிரியர் அங்கேயேதான் இருந்தார், மறுக்கவில்லை. வெளியே செருப்பு மாட்டும்போது ஐயாவிடம், டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக் கூட விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இப்போது தினமும் ராத்திரி மாத்திரை கொடுத்த பிறகு அம்மாவின் நெற்றியிலும் பாதத்திலும் இருபது நிமிடம் கை வைக்கிறேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்கு பிசியோதெரபி நடக்கிறது. ஆனால் வாரத்தில் நான்கு நாளாவது கையை எடுப்பதற்குள் தூங்கிவிடுகிறார். இந்த அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் நிலை தாராளமாகப் போதும். இரண்டாம் நிலைக்கு 6,000 கேட்கிறார்கள், குறியீடுகளும் தொலைதூர ஹீலிங்கும் சொல்லித் தருவார்களாம், நான் போகப் போவதில்லை.

மாத்திரை விஷயத்தை அவர்களுக்கு எழுதி அனுப்பினேன். இனி வகுப்பின் ஆரம்பத்திலேயே எச்சரிக்கை சொல்கிறோம் என்று பதில் வந்தது. எங்கே போனாலும் முதலில் இதைச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள், சொல்லாவிட்டால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.