16 பக்கம் குறைஞ்ச மசிடோனியா

திருகோணமலையில பழைய புத்தகம் தேடுறாக்களுக்கு கடை எதெண்டு விளங்கும், குறையும் சொல்லப்போறதால பேர் போடேல்ல. மசிடோனிய அரச வம்சத்தைப் பற்றின தடிச்ச புத்தகமொண்டு, 650 ரூபா. அட்டை கிழிசல், அது பரவாயில்ல. டச்பே கடற்கரையில இருந்து வாசிக்கிறன், கி.மு. 336, மகள்ட கலியாணக் கொண்டாட்டத்துக்கு அலெக்சாண்டர்ட தகப்பன் இரண்டாம் பிலிப் வெள்ளைச் சால்வையோட பழைய தலைநகர் ஐகையில அரங்குக்குள்ள நடந்து வாறார், பக்கத்தைப் பிரட்டினா அலெக்சாண்டர் ஆசியாவுக்குக் கப்பலேறுறார்! 96க்குப் பிறகு 113. கொலையையே காணேல்ல.

அடுத்த நாள் கொண்டுபோய்க் காட்ட, கடைக்கார ஐயா 200 ரூபாவைத் திருப்பித் தந்திட்டு "இரும் தம்பி, மிச்சத்தை நான் சொல்லுறன்" எண்டார். அதுக்கு முதல் வருசம் பிலிப் புதுசா ஒரு கலியாணம் கட்டின விருந்தில, பொம்பிளைட மாமன் அட்டலஸ் இனியாவது முறையான வாரிசு பிறக்கட்டும் எண்டிருக்கிறான், அப்ப நான் ஆர் எண்டு அலெக்சாண்டர் கிண்ணத்தால எறிய, பிலிப் வாளை உருவிக்கொண்டு வந்து வெறியில தடக்கி விழுந்திட்டாராம். எறிஞ்சதைக் காட்டுறனெண்டு ஐயா பிளேன்டீ கிளாசை ஆட்டி, ஏஎல் பாஸ்ட் பேப்பர் கட்டு முழுக்கத் தேத்தண்ணி.

குத்தினது சொந்த மெய்க்காப்பாளன் பௌசானியாஸ். ஏவிவிட்டது அலெக்சாண்டர்ட தாய் ஒலிம்பியாஸ்தான் எண்டு ஐயா சத்தியம் பண்ணாத குறை, எனக்கெண்டா அவனுக்கு அட்டலசோட இருந்த சொந்தக் கோவமே காணும்போல. என்னெண்டாலும் 20 வயசில அரசனாகின பெடியன் முதல் வேலையா அட்டலசையும் பெரியப்பான்ர மகன் அமிந்தாசையும் முடிச்சிட்டான்.

மிச்சப் பக்கமெல்லாம் சுத்தமா இருக்கு, காசுக்குப் பெறுமதி அதிலதான். 323இல அலெக்சாண்டர் செத்தாப்பிறகு ஒரே நேரத்தில ரெண்டு ராசா, வேற தாய்க்குப் பிறந்த புத்தி சுகமில்லாத சகோதரனும் அப்பதான் பிறந்த பிள்ளையும். 317இல ஒலிம்பியாஸ் அந்தச் சகோதரனைக் கொல்லுவிச்சிட்டு அவன்ர மனிசிக்கு வாள், கயிறு, நஞ்சு மூண்டையும் அனுப்பி விரும்பினதை எடு எண்டிருக்கிறா. ஒலிம்பியாசை, ஆட்சிக்குப் போட்டி போட்ட கசாண்டர் கொல்லுவிக்க, பிறகு அந்தப் பிள்ளையையும் தாயையும் அவன்தான் கொல்லுவிச்சவன். கடைசியில கசாண்டர்ட மனிசி தெசலோனிக்கியைக் கொலை செய்தது அவள் பெத்த மகன், தம்பிக்குப் பக்கம் சாயுறாள் எண்டு. எங்கட காணி வழக்கெல்லாம் என்ன பெரிய வழக்கு!

போறாக்கள் காசு குடுக்க முதல் பக்கத்தை எண்ணிப் பாருங்கோ. ஈரமான பாஸ்ட் பேப்பர் கேட்டா விலை குறைப்பார்.