பிக் பிளைண்ட் கோர்ஸ் 6,500 ரூபா: மேல்வீட்டு மாமா முன்னாடி எவ்ளோ தேறுச்சு?

கோர்ஸ் பேரு போட மாட்டேன். ரீஃபண்ட் கேட்டு மூணு மெயில் போட்டும் பதில் வரல, அந்தக் கடுப்புல திட்டுறேன்னு யாராவது சொல்லிடக் கூடாதுல்ல. போக்கர்ல பிக் பிளைண்ட்ல (கட்டாயமா பெரிய பெட் போட வேண்டிய சீட்) உக்காந்து எப்படி ஆடறதுன்னு மட்டும் சொல்லித்தர்ற கோர்ஸ், மொத்தம் 22 வீடியோ, கூட கலர் கலரா சார்ட் பிடிஎஃப். அதை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டுனேன், எங்கம்மா பாத்துட்டு இது என்னடா எம்பிராய்டரி டிசைனான்னு கேட்டாங்க.

உக்கார்ற ஒரே ஒரு இடத்துக்கு தனி கோர்ஸா, ஓவரா இல்லன்னு கேக்குறவங்களுக்கு: ஓவர் இல்ல. ஸ்மால் பிளைண்டைத் (கட்டாயமா சின்ன பெட் போடற சீட்) தவிர மத்த சீட்ல கார்டு மொக்கையா இருந்தா செலவில்லாம தூக்கிப் போட்டுடலாம், பிக் பிளைண்ட்ல கார்டு பாக்குறதுக்கு முன்னாடியே காசு உள்ள போயிடுது, ஃப்ளாப் (நடுவுல வைக்கிற முதல் மூணு பொதுக் கார்டு) விழுந்தப்புறமும் பெரும்பாலும் நாமதான் எதிராளிக்கு முன்னாடி முடிவு சொல்லணும். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் அந்த சீட்ல ரொம்ப நாள் கணக்கு பாத்தா நஷ்டம்தான். அதை எவ்ளோ கொறைக்கிறோம்ங்கறதுதான் மேட்டர்.

முதல் பத்து வீடியோ பூரா சால்வர் கணக்கு, அதாவது எப்படி ஆடுனா சரின்னு சாஃப்ட்வேர் போடற கணக்கு. 100-200 டேபிள்னு (ஸ்மால் பிளைண்ட் 100, பிக் பிளைண்ட் 200) வச்சுக்கோங்க, பட்டன்ல (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா முடிவு சொல்ற சீட்) இருக்கறவன் 500 போடறான், ஸ்மால் பிளைண்ட் கார்டைப் போட்டுட்டு போயிட்டான், நடுவுல 800 கிடக்கு, நாம இன்னும் 300 போட்டா ஃப்ளாப் பாக்கலாம். 1,100க்கு 300, அதாவது 27 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்பு இருந்தா போதும்ங்கறது பேப்பர் கணக்கு. பொசிஷன் இல்லாததால, அதாவது நாம முதல்ல முடிவு சொல்ல வேண்டியிருக்கறதால, அதுக்கு மேலயும் கொஞ்சம் வேணும், ஆனாலும் சார்ட்ல பாதிக்கு மேல பச்சை (அந்த கார்டோட ஆடலாம்னு அர்த்தம்). இதை நல்லாவே விளக்கறாரு, குறையே சொல்ல முடியாது. பிரச்சனை என்னன்னா இதை நம்பி நான் கோவா போனேன், மாண்டோவி ஆத்துல நிக்கிற கேசினோ கப்பல் ஒண்ணுல உக்காந்தா அங்க ஒருத்தரும் 500 போடல, சாதாரணமா 1,000 போடறாங்க. அப்போ 800 போட்டாதான் உள்ள இருக்க முடியும், தேவை 38 சதவீதத்துக்கு ஏறிடுது, போதாததுக்கு ரேக் (கேசினோ கமிஷன்) வேற எடுக்கறாங்க. பச்சையில இருந்த கட்டம் பாதி செவப்பாயிடணும். ஆனா அந்த சைஸுக்கு சார்ட்டே கிடையாது! 6,500 வாங்கிட்டு இதையாவது போட்டிருக்கலாம்ல?

சரி, நான் இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததே 17ஆவது வீடியோவுக்காகத்தான். பேஸிவ் ஆளுங்களுக்கு, அதாவது பெட்டை ஏத்தாம (ரெய்ஸ்) அடுத்தவன் போட்டதுக்கு ஈடா மட்டும் போட்டு (கால்) உள்ள இருக்கறவங்களுக்கு எதிரா எப்படி ஆடறதுன்னு நாப்பது நிமிஷம். மீதி 21 வீடியோவும் திருப்பி அடிக்கத் தெரிஞ்ச எதிராளியை மனசுல வச்சு பண்ணது, ஆனா நமக்கு வாய்க்கிறவங்க அப்படியா இருக்காங்க?

எங்க மேல்வீட்டு மாமாவை எடுத்துக்கோங்க. சனிக்கிழமை ராத்திரி காசு வைக்காம வெறும் சிப்ஸ்ல ஆடுவோம். (2025 ஆகஸ்ட்ல சென்ட்ரல் கவர்மென்ட் சட்டம் போட்டு ஆன்லைன் காசாட்டத்தை மூடினதுக்கப்புறம் எனக்கு பிராக்டிஸ்னா இதுதான்.) மாமா ரெய்ஸ் பண்ண மாட்டாரு, ஃபோல்டும் பண்ண மாட்டாரு (கார்டைத் தூக்கிப் போட மாட்டாரு), "இருக்கட்டும் பாப்போம்"னு ஒரு சிப்பைத் தள்ளிட்டு காராசேவை எடுத்து வாயில போட்டுக்குவாரு. இவரை ப்ளஃப் பண்ணி (நல்ல கார்டு இல்லாமலே பெட் போட்டு) விரட்ட நான் ரெண்டு வருஷமா முட்டி மோதியிருக்கேன். பாட்ல (நடுவுல சேர்ந்திருக்கறது) பாதி அளவு ப்ளஃப் அடிச்சா மூணுல ஒரு தடவையாவது எதிராளி ஓடணும், அப்பதான் கட்டும், மாமா பத்துல ஒரு தடவை ஓடுனா அதிசயம். 17ஆவது வீடியோல இதைத்தான் முதல் நிமிஷத்துலயே சொல்றாரு, கால் பண்றவனை ப்ளஃப் பண்ணாத, நல்ல கார்டு வந்தா மூணு ரவுண்டும் போடு.

போட்டுப் பாத்தேன். பிளைண்ட் 5-10, மாமா சும்மா 10 போட்டு உள்ள வந்தாரு, ஸ்மால் பிளைண்ட் ஃபோல்டு, என் கையில இஸ்பேடு ராஜா, ஒம்போது. செக் சொன்னேன் (மேல எதுவும் போடாம விடறது), நடுவுல 25. ஃப்ளாப் ராஜா, ஏழு, நாலு. பழைய நானா இருந்தா ஒரு பெட் போட்டுட்டு அப்புறம் பயந்து செக் செக்னு போயிருப்பேன். இப்ப 15, டர்ன்ல (நாலாவது பொதுக் கார்டு) ரெண்டு விழுந்துச்சு 35, ரிவர்ல (அஞ்சாவது, கடைசி) ராணி விழுந்துச்சு, வயித்தைக் கலக்குச்சு, ஆனாலும் 75. மூணுக்கும் மாமா "பாப்போம்". கடைசில காட்டுனது ராஜா, அஞ்சு. 275 சிப்ஸ் இந்தப் பக்கம் வந்துச்சு.

இன்னொண்ணு சொல்றாரு, அது எனக்கு நிஜமாவே புதுசு. முன்னாடி ரெய்ஸ் பண்ணவனுக்கு செக் பண்ணிட்டு அவன் போடட்டும்னு காத்திருக்கணும்னுதான் எல்லாரும் சொல்லிக்குடுப்பாங்க, பேஸிவ் ஆளுகிட்ட அந்த வேலையே ஆகாது, அவனும் செக் பண்ணிடுவான், செட்டு (ஒரே நம்பர்ல மூணு கார்டு) வச்சிக்கிட்டு சும்மா கார்டு பாத்துட்டு இருக்க வேண்டியதுதான். அதனால நாமளே முதல்ல போடணுமாம். அதே ஆளுகிட்ட ஃப்ளஷ் டிரான்னா (ஒரே இனத்துல அஞ்சு சேர இன்னும் ஒரு கார்டு வேணும்னா) தலைகீழ், அவன் செக் பண்ணா அடுத்த கார்டு ஓசி, சின்னதா போட்டா கால் பண்ணிக்கலாம், விழுந்துட்டா மொத்தத்தையும் குடுத்துடுவான். அதான் இவங்களுக்கு எதிரா ஒரே இனத்துல வர்ற சின்னச் சின்ன கார்டோட கொஞ்சம் தாராளமாவே உள்ள போகலாம், கோவா சைஸ்ல இல்ல, சின்ன ரெய்ஸா இருந்தா.

ஆனா மாமா ரெய்ஸ் பண்ணிட்டா? வீடியோல இதை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டாரு, எனக்குக் கோவமே இதுலதான். ஏஸ், ராஜா வச்சிருந்தேன், ஃப்ளாப்ல ஏஸும் வந்துச்சு, டர்ன் வரைக்கும் போட்டுட்டு வந்தேன், ரிவர்ல மாமா காராசேவு தட்டை நகத்தி வச்சுட்டு ரெய்ஸ்னாரு. அந்த மனுஷன் ஆறு மாசத்துல பண்ண மூணாவது ரெய்ஸ், தெரிஞ்சும் கால் பண்ணேன், மாமாகிட்ட மூணு நாலு, செட்டு. இந்த இடத்துல எப்படி மனசைக் கல்லாக்கி தூக்கிப் போடறதுன்னு அரை மணி நேரம் பேசியிருக்க வேணாமா?

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணு, அதுல ரெண்டு 17ஆவது வீடியோவுக்கே. ஆடியோ சுமார், ஆளு வேகமா பேசறாரு, ஸ்பீடைக் கொறச்சு வச்சுக்கோங்க. முழு விலைக்கு வாங்காதீங்க, பாதி விலைக்கு ஆஃபர் வந்தா பாருங்க, ரீஃபண்ட் கிடைக்கும்னு மட்டும் நம்பாதீங்க. சார்ட்டு இன்னும் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு, போன வாரம் தண்ணி எடுக்க வந்த மாமா நின்னு பாத்துட்டு "இதுல பச்சைன்னா கால் பண்ணலாமா தம்பி"ன்னு கேட்டாரு, எல்லாமே பச்சைதான் மாமா உங்களுக்குன்னு சொல்லிட்டேன்.